“சொறியாதே” என்று எத்தனை முறை சொல்வீர்கள்?

கரப்பான் வந்த பிள்ளைகளின் வீட்டாருக்குப் பார்த்துக்கொள்ளும் விதத்தைச் சொல்லித் தருவது என் வேலை. போன வாரம் காரைக்குடியில் அப்படி ஒரு வீட்டுக்குப் புதிதாகச் சேர்ந்த ஆலோசகப் பெண்ணைக் கூட்டிப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் அந்த ஐந்து வயதுப் பையனிடம் “சொறியக் கூடாதுப்பா” என்று பதினோரு முறை சொல்லிவிட்டார். ஆரம்பத்தில் நானும் இதையேதான் செய்தேன், அதனால்தான் எண்ணினேன்.

மருந்தை மறப்பது, க்ரீமைப் பாதியில் நிறுத்துவது பற்றியெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். நாமும் வீட்டாரும் செய்யும் மற்ற தவறுகள் இவை.

“சொறியாதே”

டாக்டர் எக்ஸிமா என்பார், வீட்டில் கரப்பான். அரித்தால் சொறிவான், சொறிந்தால் தோல் புண்ணாகி இன்னும் அரிக்கும். பாதி நேரம் கை போனது பிள்ளைக்கே தெரியாது. கையை எடு என்கிறோம், எடுத்த கையை எங்கே வைப்பது என்று சொல்வதில்லை. அதோடு, அடுப்படியில் அம்மா, ஊஞ்சலில் அப்பத்தா, போனில் அப்பா என மூவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பது அவன் சொறியும்போது மட்டும்தான். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது புரிய இரண்டு நாள் போதும்.

தேவகோட்டையில் ஒரு சிறுமி. “பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துங்க” என்று அவள் அம்மாவிடம் சொன்னவள் நான். இரண்டு வாரத்தில் சொறிவது நின்றுவிட்டது என்றார்கள். ‘நல்ல முன்னேற்றம்’ என்று நோட்டில் எழுதினேன். போர்வையைத் துவைக்க எடுத்தபோதுதான் அதன் உள்பக்கம் ரத்தப் பொட்டுகள் தெரிந்தன. சொறிவது நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. அந்த நோட்டைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும்.

1980களில் சுவீடனில் பீட்டர் நோரென், லென்னார்ட் மெலின் ஆகியோர் க்ரீமோடு சேர்த்துப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். க்ரீம் மட்டும் போட்டவர்களைவிட இவர்களுக்குக் குணம் அதிகம். நான் சொல்லித் தருவது இதுதான்: அரித்தால் கையை இறுக்கி மூடி 30 எண்ணு. அப்புறமும் அரித்தால் அந்த இடத்தை அழுத்து. எண்ணத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால் பேச்சில்லாமல் கையில் ஏதாவது வேலை கொடுங்கள். சொறியாமல் இருக்கும்போது பாராட்டுங்கள். அந்தச் சிறுமி தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள்: வளவில் குப்புறப் படுத்து, முழங்கை மடிப்பைக் குளிர்ந்த ஆத்தங்குடி கல்லில் ஒட்டிவைத்துக்கொள்வாள்.

ஒரே நாளில் எல்லாம் சொல்வது

2006ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், குடும்பங்களுக்கு வாரம் 2 மணி நேரமாக 6 வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். நாம் ஒரு காபி ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறோம்.

விசேஷ வீட்டுக்கு முழுக்கைச் சட்டை

புண் வெளியே தெரியாமல் இருக்கத்தான் போட்டுவிடுகிறார்கள், ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்தால் இன்னும் அரிக்கும். “இது கரப்பான், தொத்தாது” என்று பிள்ளை தானே பதில் சொல்ல வீட்டில் பழக்குங்கள். ஆச்சிமார் கேட்காமல் விடமாட்டார்கள்.

பத்தியம்

கத்திரிக்காயோ கருவாடோ, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

துரத்திப் பிடித்து க்ரீம் போடுவது

வேண்டாம். அவன் பொம்மைக்குப் போடட்டும், நீங்கள் அவனுக்குப் போடுங்கள்.

அம்மாவை மறப்பது

“ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?” இதைக் கேட்காமல் அந்த வீட்டுப் படி இறங்காதீர்கள்.