குழுக் கடனில் தொடங்கி நிதி மேலாளர் நாற்காலி வரை

பி.காம் முடித்த கையோடு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் இரண்டு ஆண்டாவது மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு களத்தில் வேலை பாருங்கள். பின்னாளில் வசூல் அறிக்கையைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று தெரிவது அந்தப் பழக்கத்தால்தான்.

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், உறுப்பினர் பேரேடு, வங்கி பாஸ்புக் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆறு மாதத் தீர்மானமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால், வங்கிக் கடனுக்கு முன் குழுவை மதிப்பிடும் தரமதிப்பீட்டுக்காக ஒரே மூச்சில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கையிருப்பை ஊக்குநர் (குழுவை நடத்தும் உறுப்பினர்) முன்னிலையில் எண்ணிப் பாருங்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கக் குழுக்களுக்கு முதல் வங்கிக் கடன், சொந்த நிதியின் (சேமிப்பு, வட்டி வருமானம் போன்றவை சேர்ந்தது) 6 மடங்கு அல்லது ரூ.1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. எனவே சொந்த நிதி பெரிதாக உள்ள குழுவில் பொய்யாகக் கூட்டிய 10,000 ரூபாய், 60,000 ரூபாய்க் கடனாக வளரும்.

அடுத்தது வீட்டுக் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஆண்டு வருமானம் ரூ.3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதுதான் நுண்கடன். எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 18,000 வருகிற வீட்டில் ஏற்கெனவே 6,500 தவணை போனால், புதுத் தவணைக்கு 2,500தான் இடம். கிரெடிட் அறிக்கையில் கந்துவட்டியும் ஏலச்சீட்டும் வராது. அவற்றைக் கடன் கேட்கும் பெண்ணிடம், கணவர் பக்கத்தில் இல்லாதபோது தனியாகக் கேளுங்கள்.

மேலே போகப் போக, "98% வசூல்" என்ற வரியை நம்பாமல் இருக்கக் கற்க வேண்டும். பார்க்க வேண்டியது 30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன்களின் முழு நிலுவை. மொத்த நிலுவை ரூ.1 கோடி, தவறிய தவணை 40,000 என்றால் 0.4% என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கடன்களின் மீதித் தொகை 4 லட்சம் என்றால் உண்மை 4%. பழைய கடனைப் புதுக் கடன் கொடுத்து மூடியிருந்தால் இந்த எண்ணும் பொய் சொல்லும். ஒரே வாரத்தில் முடிந்து மறுபடி தொடங்கிய கணக்குகளைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

நிதித் தலைமைக்கு வந்ததும் தலைவலி வேறு. 24 மாதத்தில் திருப்ப வேண்டிய பணத்தை வாங்கி 36 மாதக் கடனாகக் கொடுத்தால், வசூல் நன்றாக நடந்தாலும் நடுவில் கை வறண்டுவிடும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 2020 திருத்தத்துக்குப் பிறகு 20% வரைதான். (கணக்குப் பிரிவின் சம்பளமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.)

வேலை ஒப்புக்கொள்ளும் முன், தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பிட்ட திட்டத்துக்காக வந்து செலவாகாத நன்கொடை எவ்வளவு, வங்கி இருப்பும் வைப்புத்தொகையும் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். இருப்பு குறைவாக இருந்தால், ஒரு திட்டத்தின் பணம் வேறு எதற்கோ போயிருக்கலாம். சம்பளம் பேசுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.