விஞ்ஞானப் படங்களுக்காக வட்ஸ்அப்பில் சண்டை பிடிப்பது எப்படி

"நாவல் மாதிரி வரேல்லை" என்று ஒருவர் போடுவார். "நாவலை விடுங்கோ, படத்தைப் படமாப் பாருங்கோ" என்று இன்னொருவர் பதில் போடுவார். பிறகு விடியும் வரைக்கும் இதே இரண்டு வசனமும்தான் ஆள் மாறி ஆள் மாறி வந்துகொண்டிருக்கும். டூன் வந்தபோதும் இப்படித்தான், மிக்கி 17 வந்தபோதும் இப்படித்தான். பொன்னியின் செல்வனுக்கு எங்கள் வீடுகளில் நடந்ததும் இதேதான் என்பதால் இந்தச் சண்டை யாருக்கும் புதிதில்லை. ஆனால் விஞ்ஞானக் கதைகளில் ஒரு வசதி இருக்கிறது. இயக்குநர் எதை மாற்றினார், மாற்றியதால் கதையின் அடிப்படைக் கேள்வியே மாறிவிட்டதா என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்த வசதியைப் பாவிக்கத்தான் இந்தக் குறிப்பு. (முடிவுகளை எல்லாம் உடைத்துத்தான் சொல்லப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் மெசேஜிலேயே எதைப் பார்த்தீர்கள், எதில் பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வன்னியில் இது சின்ன விசயமில்லை. மாங்குளத்தில் ஒருவர் பென்ட்ரைவில் வந்த கொப்பியை, ஒரு காதில் மட்டும் வேலை செய்கிற இயர்போனோடு, பஸ்சில் போகும்போது போனில் பார்த்திருப்பார். டொரண்டோவில் இருக்கும் மச்சான் அதே படத்தைப் பெரிய திரையில், கதிரை அதிரப் பார்த்திருப்பார். இன்னொருவர் தமிழ் டப்பிங்கில் பார்த்திருப்பார். மூன்று பேரும் ஒரே படத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு கதைத்தால் சண்டை முடியவே முடியாது. டூன் முதல் பாகத்துக்கு 2022இல் 6 ஒஸ்கார் கிடைத்தது: ஒளிப்பதிவு, ஒலி, இசை, படத்தொகுப்பு, கலை இயக்கம், விசுவல் எபெக்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் பார்த்தவர் "படத்தில ஒண்டுமில்லை" என்று சொல்லும்போது இந்தப் பட்டியலை ஒருக்கால் நினைக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒண்டு அவருக்கு வந்து சேரவே இல்லை. மறுபக்கமும் இதே பட்டியல் வெட்டும். "ஆறு ஒஸ்கார் எடுத்த படத்தைப் போய்..." என்று தொடங்குகிறவரிடம் அதில் திரைக்கதைக்கு எத்தனை என்று கேளுங்கள். பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. கதை நாவலில் இருந்து ஒழுங்காக இறங்கியதா என்ற கேள்விக்கு அந்த ஆறும் பதிலில்லை. வசூல் கணக்கு அதைவிட மோசம், அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குக் கை தட்டும் ஸ்டிக்கர் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த ஆளோடு கதையுங்கள்.

நாவல் வாசிக்கவில்லை என்றால் வாசிக்கவில்லை என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த ஆங்கில நாவல்கள் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதும் குறைவு, கொழும்பில் வாங்கினால் விலையும் கூட. விக்கிபீடியாவில் கதைச் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு முழு நாவலையும் வாசித்த மாதிரிக் கதைப்பதுதான் பிரச்சினை. இப்போது ஏஐயிடம் கேட்டு, இல்லாத அத்தியாயத்தில் இருந்து இல்லாத வசனத்தை எடுத்துப் போடுகிற ஆட்களும் வந்துவிட்டார்கள். வாசிக்காதவருக்கும் நல்ல வேலை ஒன்று இருக்கிறது: வாசித்தவரிடம் இடத்தைக் கேட்பது. "அண்ணை, நாவல்ல இது எந்த இடத்தில வருது, அதில யார் என்ன செய்யினம்?" இந்த ஒரு கேள்வி சும்மா கதை விடுகிறவர்களில் பாதிப்பேரை அமைதியாக்கிவிடும். மற்றப் பாதிப்பேரிடம் இருந்து உங்களுக்கு நல்ல கதை கிடைக்கும்.

இப்போது முக்கியமான இடம். ஒரு மாற்றத்தைக் கண்டால் அது சரியா பிழையா என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த மாற்றத்தால் படத்துக்கு என்ன வந்தது, கதைக்கு என்ன போனது என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். அரைவல் 2016இல் வந்த படம், கொஞ்சம் பழசுதான், ஆனால் பழகுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. டெட் சியாங் 1998இல் எழுதிய நெடுங்கதையில், வேற்றுலகத்தாரின் மொழியைப் படித்ததால் எதிர்காலம் தெரிய வருகிற நாயகியின் மகள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். படத்தில் அவள் பதின்ம வயதில் நோயால் இறக்கிறாள். சாவு சாவுதானே, இதில் என்ன என்று கேட்கத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். விபத்து என்றால் தடுக்கலாம். "அண்டைக்கு மலைக்குப் போகாதை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர்காலம் முழுக்கத் தெரிந்த தாய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் கதையின் முள். தெரிந்திருப்பவருக்கு மாற்றும் சுதந்திரம் இருக்கிறதா என்று அது கேட்கிறது. நோய் என்று ஆக்கியதும் அந்தக் கேள்வி போய்விட்டது, அந்த இடத்தில் "இப்படி முடியும் என்று தெரிந்தும் பிள்ளையைப் பெற்றுக்கொள்வாயா?" என்ற வேறு கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது. அது கண்ணீர் வரவைக்கும், தியேட்டரில் எல்லோருக்கும் உடனே விளங்கும், ஆனால் சிறிய கேள்வி. இது என் கணக்கு. நீங்கள் மறுக்கலாம், மறுப்பதென்றால் இந்த இடத்திலேயே நின்று மறுங்கள். சீன ஜெனரலுக்கு எடுக்கிற போன் அழைப்பும் உலகப்போர் பயமும் படத்துக்காகச் சேர்த்தவை என்பது உண்மைதான், கதையில் வேற்றுலகத்தார் வந்த மாதிரியே ஒரு நாள் கிளம்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் அது வேறு வழக்கு, இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

வன்னிக்காரருக்கு என்று ஒரு தனிப் பலம் இருக்கிறது, அதைப் பாவிக்கிறவர்கள் குறைவு. பாலைவனக் கிரகம் ஒன்றில் நடக்கிற டூன் முழுக்கத் தண்ணீர் பற்றிய கதை. ஆவணி, புரட்டாதியில் கிணறு அடியைக் காட்ட, பவுசர் எப்போது வரும் என்று கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும். ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவலில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. அந்த வீட்டில் ஒரு பழைய வழக்கம்: விருந்தாளிகள் கை கழுவித் தண்ணீரை வேண்டுமென்றே நிலத்தில் சிந்துவார்கள், துடைத்த துவாய்களைப் பிழிந்த தண்ணீர் வெளியே நிற்கிற பிச்சைக்காரருக்குப் போகும். அந்தக் கிரகத்தை ஆளப் புதிதாக வந்த டியூக் (பிரபு) அந்த வழக்கத்தை நிறுத்துகிறார். தண்ணீரும் அதிகாரமும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதை நாவல் இந்த ஒரு மேசையில் காட்டிவிடுகிறது. டெனி வில்நெவ் 2021இல் எடுத்த முதல் பாகத்தில் அந்த விருந்தே இல்லை. இதைப் பெரிய இழப்பு என்று வாதாடலாம், நான் வாதாடுவேன். எதிர்ப்பக்கத்தவர் விசயம் தெரிந்தவர் என்றால் பேரீச்சை மரங்களைக் காட்டுவார்: ஒரு மரம் ஐந்து மனிதர் குடிக்கிற தண்ணீரைக் குடிக்கும் என்று தோட்டக்காரர் சொல்கிற அந்தச் சின்னக் காட்சி விருந்தின் வேலையைச் செய்துவிடுகிறது என்பார். இரண்டாம் பாகத்தில் செத்த உடலில் இருந்து தண்ணீர் எடுப்பதையும் காட்டுவார். நல்ல பதில். அப்போது நீங்கள், மரம் தண்ணீரின் விலையைக் காட்டுகிறது, அதை வைத்து யார் யாரை அவமானப்படுத்துகிறார்கள் என்பதைக் காட்டவில்லையே என்று கேட்கலாம். இப்படி ஒரு இரவு போனால் அது நல்ல இரவு.

குற்றம் யாருடையது என்று பார்க்காமல் படத்தின் தலையில் போடாதீர்கள். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனின் கதையான த மார்ஷியனில், விண்கலத்தையே சரிக்கப் பார்க்கிற அந்தப் புயலை வைத்து ரிட்லி ஸ்கொட்டைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூற்றுக்கு ஒன்றும் வராது, அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாலும் ஆளைத் தூக்கி எறியாது. சரிதான். ஆனால் அந்தப் புயல் நாவலிலேயே இருக்கிறது. ஆளை அங்கே தனியாக விட ஒரு காரணம் வேண்டும் என்று தெரிந்துகொண்டே வைத்ததாக எழுதிய அன்டி வியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தில் பிடிக்க வேண்டிய இடம் முடிவு. கையுறையில் ஓட்டை போட்டுக் காற்றின் உந்துதலில் பறக்கிற யோசனை நாவலில் சும்மா ஒரு யோசனையாக வந்து தட்டிக் கழிக்கப்படுகிறது, படத்தில் அதை உண்மையாகவே செய்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் போட்டு உயிர் தப்பியவன் கடைசியில் சாகசம் செய்கிறான். அதைக் கேளுங்கள்.

மிக்கி 17 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தில் எனக்குப் பொறுமை குறைவு. மிக்கி சாகிற வேலைக்கென்றே வேறொரு கிரகத்துக்குக் கூட்டிப்போன ஆள், செத்தால் அடுத்த எண் போட்டுத் திரும்ப உருவாக்குவார்கள். எட்வேர்ட் அஷ்டனின் நாவலில் அவன் ஒரு வரலாற்றாசிரியன், பொங் ஜூன்-ஹோவின் படத்தில் மக்கரோன் கடை போட்டு நட்டப்பட்டுக் கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவன். நாவலில் எண் 7, படத்தில் 17, அதாவது பத்துத் தரம் கூடச் செத்திருக்கிறான். உழைக்கிறவனின் உயிர் மலிவு என்பதைச் சொல்ல இந்த இரண்டு மாற்றமும் உதவுகின்றன. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்குகிற தளபதியைத் தோற்றுப்போன அரசியல்வாதி ஆக்கி, நாவலில் இல்லாத ஒரு மனைவியையும் சேர்த்தது உதவவில்லை, அந்த இருவரும் வரும்போதெல்லாம் பயம் போய் நாடகம் வந்துவிடுகிறது. ஒரே படத்துக்குள் நல்ல மாற்றமும் கெட்ட மாற்றமும் இருக்கலாம் என்று குழுவில் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்கமும் உங்களோடு கோபிக்கும்.

அடுத்தது கவனமாகச் சொல்ல வேண்டியது. டூன் இரண்டாம் பாகத்தில் ஒரு மக்கள் கூட்டம், ஒரு மீட்பர், ஒரு பெரும் போர். வன்னியில் இந்த மூன்றும் ஒரு படத்தில் வந்தால் கதை எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். "படத்தைப் பற்றி மட்டும் கதையுங்கோ" என்று அதட்டுவது வேலை செய்யாது, நியாயமும் இல்லை. 2009ஐத் தாண்டி வந்த ஒருவர் அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பார்க்கிற பார்வை விமர்சகர்களிடம் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: எந்தக் காட்சி அந்த நினைவைக் கிளப்பியது என்று அவரிடமே கேளுங்கள். நாவலில் சானி, மீட்பராகிற நாயகன் போலின் (Paul) காதலி, கடைசிவரை அவனோடு நிற்கிறாள், படத்தில் அவள்தான் இந்த மீட்பர் கதையை நம்ப மறுக்கிறாள், முடிவில் பாலைவனத்து ராட்சத மணற்புழுவில் ஏறித் தனியாகப் போகிறாள். 1984இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படத்தில் முடிவில் பாலைவனத்தில் மழை பெய்யும், போல் உண்மையான கடவுள் ஆகிவிடுவான். ஒரே நாவல், ஒரே வீரன், ஒரு இயக்குநர் மழை பெய்விக்கிறார், மற்றவர் காதலியை விலகிப் போகவைக்கிறார். இந்த இடத்தில் நின்று கதைத்தால் அவரவர் வாழ்க்கையையும் கொண்டுவரலாம், படமும் கையை விட்டுப் போகாது. ஒன்று மட்டும், வீட்டுக் குழுவில் எழுதுவது வேறு, பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்க எழுதுவது வேறு. மற்றவர் நம்பிக்கையோடு சொன்னதை ஸ்கிரீன்சொட் எடுத்து வெளியே போடாதீர்கள்.

மிச்சமெல்லாம் சின்னச் சின்ன விசயம். நான்கு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள், அதில் எந்த வசனத்துக்கு மறுப்புச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது, டேட்டாவும் போகும். எழுதுங்கள், ஒரு மெசேஜுக்கு ஒரு விசயம். இங்கே இரவு 9 மணி என்றால் கோடை காலத்தில் டொரண்டோவில் காலை 11.30, மச்சான் வேலையில் இருப்பார், பதில் வரவில்லை என்றால் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டில் முதல் நாளே பார்த்துவிட்டு முடிவைக் கொட்டுகிற ஆட்களுக்கு ஒரு சட்டம் வையுங்கள்: இங்கே உள்ளவர்கள் பார்க்கும் வரைக்கும் படத்தின் பெயரை மேலே போட்டு, கீழே இடம் விட்டு எழுத வேண்டும். வயதில் மூத்தவரை மறுக்கும்போது "நீங்கள் பிழை" என்று தொடங்காமல் "மாமா, அந்த இடம் எனக்கு வேற மாதிரிப் பட்டது" என்று தொடங்குங்கள், சொல்ல வந்ததை அதற்குப் பிறகு முழுக்கச் சொல்லலாம். சொன்னதையே அவர் மூன்றாம் தரமும் சொன்னால் விட்டுவிடுங்கள், நாளைக்குக் கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டிய ஆள்.

டூன் மூன்றாம் பாகத்துக்கு இப்போதே தயாராகலாம். ஹெர்பர்ட்டின் அடுத்த நாவல் 1969இல் வந்தது, முதல் நாவலை விட மெல்லிய புத்தகம், ஒரு கிழமையில் வாசித்துவிடலாம். அதில் சானி போலின் பக்கத்திலேயே இருக்கிறாள். வில்நெவ்வோ அவளைப் புழுவில் ஏற்றி அனுப்பிவிட்டார். எப்படித் திரும்பக் கொண்டுவரப்போகிறார், கொண்டுவருவாரா? உங்கள் ஊகத்தைத் திகதி போட்டுக் குழுவில் எழுதி வையுங்கள், பிறகு யாரும் "நான் அப்பவே சொன்னனான்" என்று வரமுடியாது.