மும்பை வரும் சொந்தங்களுக்கு: போலீஸ் நீட்டும் காகிதத்தைப் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கனடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று உறவுகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போலீஸ் வாசலை மிதிக்கும் அவசியமே வராது. அப்படியே வந்தாலும், சட்டம் தெரியாததைவிட மராத்தி தெரியாததுதான் ஆளைத் திணறடிக்கும். மும்பையில் போலீஸ் எழுதுவது பெரும்பாலும் மராத்தியில்தான்.

முதலில் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெரியப்பா மனப்பாடமாகச் சொல்லும் பிரிவு எண்கள் இனி உதவாது.

வீட்டைச் சோதனை போட வந்தால் வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாரண்ட் இல்லாமலும் சில நேரம் சோதிக்கலாம். ஆனால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்து மனிதர்கள் இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். இவர்களைத்தான் இங்கே ‘பஞ்ச்’ என்பார்கள். வீட்டில் இருப்பவர் கூடவே நின்று பார்க்கலாம். புதிய சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டியது போலீஸின் கடமை.

எல்லாம் முடிந்ததும் பஞ்சநாமாவை, அதாவது சோதனையில் நடந்ததையும் எடுத்த பொருட்களையும் பஞ்ச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிய பதிவை, நீட்டுவார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். ‘படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது’ என்ற பொருளில் கடைசியில் ஒரு வரி இருப்பது வழக்கம். யாரும் படித்துக் காட்டாமலே அதன் கீழே கையெழுத்து வாங்கிவிட்டால், பின்னால் கோர்ட்டில் மறுத்துப் பேசுவது பெரும்பாடு. மராத்தி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். போனை எடுத்தால் அதன் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), நகையை எடுத்தால் எடை, பணமென்றால் எவ்வளவு என்று எல்லாம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வெற்றிடம் இருந்தால் கோடு போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், ‘எனக்கு மராத்தி படிக்கத் தெரியாது’ என்று தமிழிலேயே மேலே எழுதிவிட்டுப் போடுங்கள். எடுத்துச் சென்ற பொருட்களின் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அப்புறம், விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவே கூடாது என்கிறது சட்டம். இது பலருக்குத் தெரியாது.

கைது என்றால் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் பொருந்தும்: காரணம் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணங்களை உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பையிலிருந்து போனதுதான். ஆகவே தமிழிலோ ஆங்கிலத்திலோ கேளுங்கள், தயங்காதீர்கள். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கு என்றால் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், ஓசிஐ அட்டைக்காரர்கள் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்கள்) உட்பட, தங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். கையில் காசில்லை என்று வக்கீல் இல்லாமல் இருக்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

கைது செய்யாமல் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் நிம்மதியாகிவிட வேண்டாம். ‘நாளைக்கு ஃபிளைட் இருக்கிறது’ என்று கிளம்பிவிடாதீர்கள். வக்கீலோடு போய் ஆஜராகுங்கள். தவறினால் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும்.

பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். கனடாவில் கடையில் விற்கிற கஞ்சா மிட்டாய் இங்கே போதைப்பொருள் வழக்கு. இ-சிகரெட் 2019 முதல் தடை. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. தூக்க மாத்திரை என்றால் மருந்துச் சீட்டு கட்டாயம். போதைப்பொருள் சந்தேகத்தில் உடலைச் சோதிக்கப் போனால், கெஸட்டட் அதிகாரி (அரசிதழ் பதிவு பெற்ற உயர் அதிகாரி) அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

‘மும்பை போலீஸ் பேசுகிறோம், உங்கள் பார்சலில் போதைப்பொருள்’ என்று வீடியோ காலில் மிரட்டினால் உடனே துண்டியுங்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. வயதான பெற்றோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.