எட்டடி டைனிங் டேபிள்: ஆம்பூர் வீட்டுக்குச் செய்தது, அடியிலிருந்து நுனி வரை

போன மாதம் ஆம்பூரில் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குத் தேக்கில் டைனிங் டேபிள் செய்து கொடுத்தேன். காட்பாடியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்த பெரியவர், போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும் தம்பி" என்றார். படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, "ஒரே நேரத்துல எத்தனை பேர் உட்காருவீங்க பாய்?" என்று கேட்டேன். தினமும் எட்டு, பெருநாளில் பத்து. வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அளவு

ஓர் ஆளுக்கு 24 அங்குலம் வேண்டும். 8 அடி நீளம், 3½ அடி அகலம் என்றால் பக்கத்துக்கு மூன்று பேர், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், நெருங்கினால் பத்து. உயரம் 30 அங்குலம். பலகை ஒன்றரை அங்குலம், அதற்குக் கீழே வரும் சட்டம் 4 அங்குலம். சட்டத்தை இதைவிட அகலமாக வைத்தால் தொடை இடிக்கும்.

டேபிளைச் சுற்றி 3 அடி காலியாக இருந்தால்தான் நாற்காலியை இழுத்து எழ முடியும். அந்த வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, நாலு நாற்காலியைப் போட்டு எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். வாசல், மாடிப்படித் திருப்பம் எல்லாவற்றையும் அன்றைக்கே அளந்துவிடுங்கள். செய்து முடித்த பிறகு அளந்தால் அழத்தான் வேண்டும்.

மரம்

பலகைக்கு மட்டும் 8 × 3½ × ⅛ = 3½ கன அடி. கால், சட்டம் எல்லாம் சேர்த்தால் ஐந்தைத் தாண்டும். கழிவுக்கும் சேர்த்து ஆறரை வாங்கினேன். மரவாடியில் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் பகுதி) அதிகமில்லாத, வைரம் (நடுவிலுள்ள கெட்டியான பகுதி) உள்ள பலகையாகப் பொறுக்கி எடுங்கள். ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது பாருங்கள். கொண்டுவந்த பலகைகளை இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, இரண்டு வாரம் நிழலில் விட்டேன்.

பலகை ஒட்டுதல்

ஆறு அங்குல அகலத்தில் ஏழு பலகை. முனையைப் பார்த்தால் ஆண்டு வளையம் வளைந்திருப்பது தெரியும். ஒன்றில் வளைவு மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வரும்படி வரிசைப்படுத்துங்கள்.

ஒட்டப்போகும் இரண்டு பலகைகளையும் புத்தகம் மூடுவதுபோல் மடித்துச் சேர்த்து வைத்து, இரண்டு விளிம்பையும் ஒரே இழைப்பாக இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், பிரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்று சரிக்கட்டிவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி ஜன்னலுக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அதை மூடிவிடும். ஓரங்களில் தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டியதுதான்.

தேக்கில் எண்ணெய் இருக்கும். விளிம்பைத் தின்னரால் துடைத்த கையோடு ஃபெவிகால் தடவுங்கள். நம் ஊர் வெயிலில் பசை சட்டென்று காய்ந்துவிடும் என்பதால் விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டுவதுதான் என் வழக்கம். அடிக்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே ஒன்று கீழே. விளிம்பு நெடுகப் பசை கடுகு கடுகாகப் பிதுங்கி நின்றால் போதும், அதற்குமேல் முடுக்க வேண்டாம். மறுநாள் வரை தொடாதீர்கள்.

கால், சட்டம்

கால் மூன்றரை அங்குலச் சதுரம். காலில் தொளை, சட்டத்தின் முனையில் அதற்குள் உட்காரும் கழுந்து. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. காலை ஓர் அங்குலம் கூடுதல் நீளமாகவே வைத்துத் தொளை போடுங்கள், இல்லாவிட்டால் உளி அடியில் மேல்முனை பிளந்துகொள்ளும். கூடுதலைக் கடைசியில் அறுத்துக்கொள்ளலாம்.

பலகையைப் பொருத்துதல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்கு டேபிள் செய்தேன். கார்த்திகை மழையில், பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஸ்க்ரூ அடித்துக் கொடுத்தேன். கத்திரி வெயில் வந்ததும் ஒருநாள் ராத்திரி பட்டென்று சத்தமாம், பாத்திரம் விழுந்ததென்று நினைத்தார்களாம். என் நைனா (அப்பா) வந்து அந்த விரிசலில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினார். காசு அப்படியே நின்றது. என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மரம் நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். மூன்றரை அடி அகலத்துக்குக் கால் அங்குலம் வரை போகும். அதனால் மரப் பட்டன் போடுங்கள். இரண்டரை அங்குலத் துண்டு, ஒரு முனையில் நாக்கு. சட்டத்தின் உள்பக்கம் வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) நாக்கு உட்காரும்; துண்டைப் பலகையோடு மட்டும் ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். நீளச் சட்டங்களில், வெயில் காலத்தில் பொருத்தினால் நாக்குக்கு முன்னால் 3 மி.மீ. இடம் விடுங்கள். மழைக்காலத்தில் பொருத்தினால் நாக்கை முழுக்க உள்ளே தள்ளிவிடலாம். இனி அது சுருங்கத்தானே போகிறது! குறுக்குச் சட்டத்தில் நாக்கு காடியோடு தானாக வழுக்கும்.

பாலிஷ்

உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று வரிசையாக, ரேகையோடு தேயுங்கள். ஆம்பூர் வீடு, பிரியாணிச் சட்டி சூடாக நேரே டேபிளுக்கு வரும், கத்திரிக்காய்த் தொக்கு சிந்தும். அதனால் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தேன். அப்படியும் சட்டிக்குக் கீழே மணை வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே எத்தனை கோட்டோ அடிப்பக்கமும் அத்தனை கோட்டு. ஆள் பார்க்காத இடம்தானே என்று விட்டால் பலகை கிண்ணம்போல் வளையும்.

பலகை மட்டுமே 60 கிலோவுக்கு மேல். பட்டனைக் கழற்றிப் பலகையும் சட்டமும் தனித்தனியாக, நாலு பேர் சேர்ந்து உள்ளே கொண்டுபோனோம். சித்திரையில் ஒருமுறை வந்து அடியில் படுத்துப் பட்டன்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துப்போவதாக இல்லை.