விலைவாசிக்கு யாரைத் திட்டுவது? வடசென்னை வாக்காளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை டீக்கடைகளில் சிலிண்டர் விலைக்குக் கவுன்சிலரைத் திட்டுகிறவர் உண்டு. மாநகராட்சி போட்ட சொத்து வரிக்கு டெல்லியைத் திட்டுகிறவரும் உண்டு. கோபத்தில் தப்பில்லை, விலாசம்தான் மாறிப்போகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஆள் மேல் பழி விழுவதுதான் முதல் தவறு.

வீட்டு சிலிண்டர் விலை மத்திய அரசின் எண்ணெய் நிறுவனங்கள் கையில் இருக்கிறது. கரண்ட் பில், ஆவின் பால், பஸ் டிக்கெட் மூன்றும் மாநிலத்தின் பக்கம். வீட்டு வரி வாங்குவது மாநகராட்சி. 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் சொத்து வரி ஏறியது, செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது, நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டருக்கு 12 ரூபாய் ஏறியது. இவற்றுக்கு டெல்லியிடம் கேட்டுப் பயனில்லை.

பெட்ரோல்தான் குழப்பமான விவகாரம். மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, திருவொற்றியூரில் நின்றால் புகைபோக்கி தெரிகிறது, அப்புறம் ஏன் நமக்கு இந்த விலை என்று கேட்கிறார்கள். ஆலை பக்கத்தில் இருந்தாலும் கச்சா எண்ணெய் கப்பலில்தான் வருகிறது. நாட்டின் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதன் மேல் மத்திய அரசின் கலால் வரி, அதையும் சேர்த்த விலை மேல் மாநிலத்தின் விற்பனை வரியான வாட். இரண்டு பேரும் கை வைக்கிற பண்டம் என்பதால் இரண்டு பேரும் எதிராளியைக் காட்டித் தப்பிக்கிறார்கள்.

“மத்திய வரியில் மாநிலத்துக்கும் பங்கு போகிறதே” என்பார்கள். போகிறது, ஆனால் அடிப்படைக் கலால் வரியில் மட்டும்தான். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு பெட்ரோலுக்கு இருந்த கலால் 19.90 ரூபாய். அதில் அடிப்படை வரி வெறும் 1.40. மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே தங்கிவிடும். காசிமேடு விசைப்படகுகளுக்கு மாநில அரசு ஓர் அளவு வரை விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது. அந்த டீசலிலும் கலால் வரி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு தவறு சீசனை ஆட்சியோடு முடிச்சுப் போடுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை எகிறும். இதில் பிப்ரவரி விலையையும் மே விலையையும் ஒப்பிட்டால் எந்த ஆட்சியும் தேறாது. போன மே மாதத்தோடு இந்த மே மாதத்தை ஒப்பிட வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் இருக்கிறது: எல்லாவற்றையும் மழை மேலும் உலகச் சண்டை மேலும் போட்டுவிட்டு அரசை விட்டுவிடுவது. 1967 தேர்தலில் அப்போதைய காங்கிரஸ் முதல்வரைப் பார்த்து “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” என்று ஊரே கேட்டது. 1965, 66 இரண்டு வருடமும் நாடு முழுக்கப் பருவமழை பொய்த்திருந்தது. அது அவர் குற்றமில்லை. ஆனால் இருந்த அரிசியைப் பங்கிட்ட விதத்துக்கு அவர் அரசுதானே பொறுப்பு? அவரும் தோற்றார், விருதுநகரில் காமராஜரும் தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி ஜெயித்த திமுககாரர்கள் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டதோடு சரி.

அரசின் கை எங்கே இருந்தது என்று பார்க்க 2020 நல்ல உதாரணம். கொரோனாவில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனது. பங்க்கில் விலை இறங்கவில்லை. மே மாதத்தில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தி, இறங்க வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டது. அதே மாதம் தமிழக அரசும் வாட்டை உயர்த்தியது. இதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர் எந்தக் கட்சி என்று கேட்காமலே சொல்லிவிடலாம். விலை ஏறினால் உலகச் சந்தை, இறங்கினால் நம்ம தலைவர்: இந்தக் கணக்கு எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இருக்கிறது.

தேர்தல் நெருக்கத்தில் வரும் சலுகையை மட்டும் மனதில் வைப்பதும் அதே வகைதான். 2021 நவம்பர் முதல் நான்கு மாதத்துக்கு மேல் பெட்ரோல் விலை அசையவே இல்லை. உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவு 2022 மார்ச் 10-ல் வந்தது. மார்ச் 22 தொடங்கி பதினாறே நாளில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியது. 2024-ல் சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைப்பு மார்ச் 8-ல் அறிவிக்கப்பட்டது, பெட்ரோல் 15-ல் 2 ரூபாய் குறைந்தது, மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு வந்தது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

கடைசியாக, பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று எடுத்துக்கொள்வது. நூறு ரூபாய்ச் சாமான் ஒரு வருடம் 6 சதவீதம், அடுத்த வருடம் 4 சதவீதம் ஏறினால் 110 ரூபாயைத் தாண்டிவிடும். மேடையில் “பணவீக்கத்தைக் குறைத்தோம்” என்பவர் பொய் சொல்லவில்லை, கீழே நின்று “எங்கே குறைஞ்சுது?” என்று கேட்பவரும் பொய் சொல்லவில்லை. கீழே நிற்பவர் கேட்க வேண்டியது கூலியைப் பற்றி. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் கூலியில் எத்தனை கிலோ பொன்னி அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்க முடிந்தது, இன்றைக்கு எத்தனை? இந்தக் கணக்கை வண்ணாரப்பேட்டை மளிகைக்கடைப் பழைய சிட்டையை வைத்தே போட்டுவிடலாம்.