செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்: கோளாறுக் குறியீட்டை மட்டும் வைத்துப் பாகத்தை மாற்றாதீர்கள்

விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். மின்னினால் எஞ்சின் மோசமாக மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். நிலையாக எரிந்து, சூடும் ஆயில் அழுத்தமும் சரியாக இருந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம்.

கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும் 16 பின் சாக்கெட் ஸ்டீயரிங் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். மாட்டுவதற்கு முன் பேட்டரியை அளந்துவிடுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் சம்பந்தமில்லாத சென்சார்களின் பேரில்கூடக் குறியீடுகள் வரும்.

குறியீடுகளோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், வேகம், லோடு (எஞ்சின் மீதான சுமை), கூலன்ட் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் அதே கதிதான்.

பலரும் ஏமாறுவது பி0171 என்ற குறியீட்டில். கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது லீன் என்று இது சொல்கிறது. எக்ஸாஸ்ட் புகையில் மீதமுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், தான் கண்டதைச் சொன்னதற்காக அதையே கழற்றி எறிகிறார்கள். காரணம் ஃப்யூயல் ட்ரிம்மில் தெரியும்; கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஸ்கேனர் காட்டும் எண் அது. ஷார்ட் டெர்ம் (அந்தந்த நொடியின் திருத்தம்), லாங் டெர்ம் (நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தைச் சுற்றி 5 சதவீதம் வரை கவலையில்லை; 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். சூடான எஞ்சினில் ஐடிலிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறை, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது உடன் வருபவர் ஒருமுறை குறித்துக்கொள்ளட்டும்.

ட்ரிம் ஐடிலிங்கில் 20 சதவீதம், ஆர்பிஎம் ஏற்றினால் 4 என்று இறங்கினால் வேக்கம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று இன்டேக் பாதையில் உள்ளே நுழைகிறது. கசியும் காற்றின் அளவு பெரிதாக மாறாது. ஐடிலிங்கில் எஞ்சின் கொஞ்சமே மூச்சிழுப்பதால் அதுவே பெரும்பங்காகிவிடுகிறது. வெடித்த வேக்கம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், பிசிவி வால்வு (எஞ்சினின் ஆயில் அறை வாயுவை இன்டேக்குக்கு அனுப்புவது) ஆகியவற்றைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை இன்டேக்கில் புகை செலுத்திக் கண்டுபிடிக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும் ஸ்பிரேயைச் சூடான எஞ்சினில் அடிக்காதீர்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சார் இல்லாமல், இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் அழுத்த சென்சார் மட்டும் உள்ள எஞ்சின்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் கசிவு இருந்தால் ட்ரிம் அவ்வளவாக ஏறாமல் ஐடிலிங் ஆர்பிஎம்தான் உயரும்.

ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடில் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்றோட்ட சென்சார் அழுக்கேறிக் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது. சென்சாரை அதற்கென்றே உள்ள கிளீனரால் மட்டும் கழுவுங்கள், கம்பியைத் தொடக் கூடாது. பிறகும் மாறாவிட்டால் கேஜ் மாட்டி பெட்ரோல் அழுத்தத்தை அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று சொல்லும் பி0420 வந்தால் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைக் கவனியுங்கள். 0.6, 0.7 வோல்ட் அருகே அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே வேகமாகத் தாவினால் சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்து உள்ளே புகும் காற்று சென்சாரைத் தவறாகப் பேச வைக்கும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்திருந்தால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். மிஸ்ஸிங், ஆயில் எரிவது, கூலன்ட் உள்ளே கசிவது என எது இருந்தாலும் புதியதும் அதே வழியில் போகும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0303 என்றால் மூன்றாவதில். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உள்ள எஞ்சினில் பி0301 வந்தால், முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டிக் குறியீட்டை அழித்து ஓட்டுங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். பி0455 பெட்ரோல் ஆவி பெரிதாகக் கசிவதைச் சொல்கிறது; அது வந்தால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

பழுது நீக்கியபின் குறியீட்டை அழித்தால் ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னையே சோதித்து முடித்ததா என்று காட்டும் பதிவுகள், மறுபடி ஆரம்ப நிலைக்குப் போகும். இந்தப் பதிவுகளையும் பார்க்கும் புகைப் பரிசோதனையில், முந்தைய நாள் அழிப்பது அதனால்தான் பலிப்பதில்லை. குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, நெரிசலிலும் சீரான வேகத்திலும் சில நாள் ஓட்டியபின் பெண்டிங் குறியீடு (விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத கோளாறு) இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிம் எண்களையும் பழையவற்றோடு ஒப்பிடுங்கள். விளக்கு அணைந்திருந்தும் அவை இறங்கவில்லையென்றால் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.