புதுத் தொட்டியா? மீனை அப்புறம் வாங்கலாம்

தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கே மீனை விட்டுவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் பெருக வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஃபில்டரை நிறுத்தாமல் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு உணவான அம்மோனியா வரும். நோயில்லாத பழைய தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் உள்ளே பிழிந்து விடுங்கள், காத்திருப்பு குறையும்.

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0, நைட்ரேட் மட்டும் தெரிகிறதா? சரி, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஐந்தாறு ஸீப்ரா டானியோ விடுங்கள். பிளாட்டியும் தாங்கும். கோல்டு ஃபிஷ் வேண்டாம், கழிவு அதிகம். ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.